மாடிக்கு வைஃபை வரலைன்னா மொதல்ல ஒரு கேபிள இழுங்க

எங்க வீடு அம்மாபேட்டை பக்கம், கீழ நாங்க, மாடில அக்காவும் மாமாவும். ஃபைபர் லைன் கீழ ஹால்லதான் வருது. மாமாவுக்கு வீட்லேருந்தே ஆபீஸ் வேலை, மாடிப்படில உக்காந்தா சிக்னல் இருக்கும், ரூமுக்குள்ள போனா மீட்டிங்ல மூஞ்சி அப்படியே நின்னுரும்.

காரணம் வேற ஒண்ணும் இல்லீங்க, நடுவுல இருக்குற தளம். கம்பி கட்டி கான்க்ரீட் போட்ட தளத்த தாண்டி 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் போறது ரொம்ப கஷ்டம், 2.4 ஓரளவுக்கு போகும், ஆனா வீடுங்க ஒட்டி ஒட்டி இருக்குற தெருவுல எல்லாரோட ரூட்டரும் அதுலதான் கத்திக்கிட்டு இருக்கும், அதுல ஒண்ணோட ஒண்ணு மோதாத சேனலே (சிக்னல் போற தடம்) 1, 6, 11னு மூணுதான்.

கடைல கேட்டா ரிப்பீட்டர் (சிக்னல வாங்கி திருப்பி அனுப்புற பொட்டி) வாங்கிக்கோங்கன்னுதான் சொல்லுவாங்க. சாதாரண ரிப்பீட்டர் வாங்குறதையும் திருப்பி அனுப்புறதையும் ஒரே சேனல்ல செய்யுது, அதனால ஸ்பீடு பாதிக்கு பாதி போயிரும். அதுலயும் நம்மாளுங்க சிக்னலே வராத ரூம்லதான் அத கொண்டுபோய் சொருகுவாங்க, அங்க அது எதத்தான் வாங்கி எத அனுப்பும்?

பரண்ல பழைய ரூட்டர் ஒண்ணு கெடக்கும்ல, அத மாடில வச்சு, கீழ ரூட்டர்லேருந்து ஒரு கேட்6 கேபிள் (நெட் ஒயர்) இழுத்தா போதும். 100 மீட்டர் வரைக்கும் தாங்கும், வீட்டுக்கு அதுல கால்வாசி கூட வேணாம். டிஷ் ஒயர் எறங்குற ஓட்டை வழியா இழுத்துடலாம், கரண்ட் ஒயர் போற பைப்ல மட்டும் விடாதீங்க. இழுத்து முடிச்சப்பறம் ரெண்டு முனைலயும் கிளிப் (ரூட்டர்ல சொருகுற பிளக்) அடிங்க, மொதல்லயே அடிச்சுட்டா ஓட்டைல நுழையாது. உள்ள இருக்குற 8 கம்பியும் ரெண்டு பக்கமும் ஒரே வரிசைல சரியா உக்காரணும், ஒண்ணு விட்டுப்போனாலும் கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) ஸ்பீடு கெடைக்காது, நெட் வருதேன்னு நீங்களும் 100 எம்பிபிஎஸ்லயே ஓட்டிக்கிட்டு இருப்பீங்க.

பழைய ரூட்டர்ல ஆக்சஸ் பாயிண்ட் மோடு (கேபிள்ல வர்ற நெட்ட வைஃபையா மட்டும் குடுக்குற செட்டிங்) இருந்தா அத போட்டா வேல முடிஞ்சுது. இல்லன்னா கீழ இருக்குற ரூட்டரோட ஐபி அட்ரஸ் 192.168.1.1னா இதுக்கு 192.168.1.2 குடுத்துட்டு, டிஎச்சிபிய (ஒவ்வொரு போனுக்கும் அட்ரஸ் குடுக்குற வேல, அத கீழ ரூட்டரே பாத்துக்கும்) ஆஃப் பண்ணிட்டு, கேபிள WANனு போட்ட போர்ட்ல சொருகாம LANனு போட்ட போர்ட்ல சொருகுங்க. வைஃபை பேரும் பாஸ்வேர்டும் கீழ இருக்குறதே இருக்கட்டும், போன் படியேறும்போது அதுவா மாறிக்கும் (சில போன் கீழ்வீட்டு சிக்னலயே புடிச்சு தொங்கும், வைஃபைய ஒரு தடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணா சரியாயிரும்). சேனல் மட்டும் வேற வேற வையுங்க.

வாடகை வீடு, ஓட்டை போடக்கூடாதுன்னா மெஷ் செட் (ஒண்ணோட ஒண்ணு வைஃபைலயே பேசிக்கிற ரெண்டு மூணு பொட்டி) வாங்கி ஒண்ண மாடிப்படி திருப்பத்துல வைக்கலாம், காசு கூடத்தான்.

ஏற்காட்டுல சித்தப்பா இதையே பெரிய வீட்லேருந்து தோட்டத்து அவுட்ஹவுஸுக்கு வெட்டவெளில இழுக்கணும்ங்குறாரு. அங்க சித்திரை வைகாசில இடி எப்படி எறங்கும்னு ஊருக்கே தெரியும், செம்புக் கம்பில சர்ஜ் (திடீர்னு பாயுற அதிக கரண்ட்) வந்தா ரெண்டு பக்க பொட்டியும் காலி. ஃபைபர் ஒயர் போட்டு ரெண்டு முனைலயும் மீடியா கன்வெர்ட்டர் (ஃபைபரையும் நெட் ஒயரையும் இணைக்குற சின்ன பொட்டி) வையுங்கன்னு சொல்லிருக்கேன், ஃபைபர்ல கரண்ட் பாயாது. அந்த ஒயர ரொம்ப மடக்கக்கூடாது, கம்பி இல்லாத வகையா பாத்து வாங்கணும், சிலதுல தாங்குறதுக்குன்னு இரும்புக் கம்பி சேத்தே வரும்.