இந்த எழுத்தெல்லாம் வர்ற வார்த்தை சொல்லுனு கேட்டா

சி, ஏ, டீ மூணும் வர்ற இங்கிலீஷ் வார்த்தை ஒண்ணு சொல்லுனு யாராவது கேட்டா நான் உடனே பதில் சொல்ல மாட்டேன், எப்படி வரணும்னு திருப்பிக் கேப்பேன். கேக்கறவங்களுக்குக் கடுப்பாகும்தான், ஆனா வேற வழியில்ல, பாக்க ஒரே கேள்வி மாதிரி இருந்தாலும் இதுக்குள்ள நாலு கேள்வி இருக்கு.

மூணும் ஒட்டிக்கிட்டு அதே வரிசைல வரணுமா? அப்போ லொகேஷன், எஜுகேஷன் (எஜுகேஷன்ல ஏ, ஈ, ஐ, ஓ, யூ அஞ்சுமே வந்துடும், அது வேற கதை). வரிசை மாறக்கூடாது, ஆனா நடுவுல வேற எழுத்து நுழைஞ்சா பரவால்லயா? கேப்டன், கேரட். வரிசையே வேணாம், எங்கயாவது மூணும் இருந்தா போதும்னா ஆக்டர், டீச்சர், ஸ்டமக்னு கொட்டிக் கிடக்கு. இந்த மூணைத் தவிர வேற எழுத்தே வரக்கூடாதுன்னா பூனைக்கு வர்ற கேட், நடிக்கறதுக்கு வர்ற ஆக்ட், அவ்வளவுதான்.

டாக்ட்னு ஒண்ணு இருக்கே, நாசூக்கா நடந்துக்கறதுனு அர்த்தம், அது வருமான்னா அங்கதான் அடுத்த சிக்கல். அதுல டீ ரெண்டு தடவை வருது. எழுத்துக் கட்டைகளைப் பலகைல அடுக்கி வார்த்தை கட்டற ஸ்கிராபிள் ஆட்டத்துல உங்க கைல ஒரே ஒரு டீ இருந்து, பலகைலயும் உதவற மாதிரி டீ இல்லைனா அதைப் போட முடியாது. நியூயார்க் டைம்ஸ்ல வர்ற ஸ்பெல்லிங் பீங்கற ஆட்டத்துல நடுவுல ஒண்ணு, சுத்தி ஆறுனு ஏழு எழுத்து குடுப்பாங்க, அதுல ஒரே எழுத்தை எத்தனை தடவை வேணாலும் போடலாம், நடுவுல இருக்கற எழுத்து கட்டாயம் வரணும், நாலு எழுத்துக்குக் குறையக் கூடாது, அவ்வளவுதான் ரூல். அந்த ஆட்டத்துப் பழக்கத்தோட ஸ்கிராபிள் ஆட வந்தா முதல் பத்து நிமிஷம் திணறல்தான்.

சரி, மண்டைய மட்டும் வச்சு எப்படித் தேடறது? குடுத்த வரிசையையே முறைச்சுப் பாக்கறதுதான் ரொம்ப மோசமான வழினு நான் சொல்வேன். எழுத்துங்க ஒரு வரிசைல நின்னா மனசு அதை ஒரு சத்தமா படிச்சுடும், அப்புறம் அந்த சத்தத்தை விட்டு வெளிய வராது. லிசன்னு எழுதிக் குடுத்து இதைக் கலைச்சு வேற வார்த்தை சொல்லுன்னா நிறைய பேர் முழிப்பாங்க, காரணம் அதுல டீ இருக்கறதே காதுல விழாது. ஆனா அதே ஆறு எழுத்துலதான் சைலன்ட், என்லிஸ்ட், டின்சல், இன்லெட்ஸ் எல்லாம் இருக்கு. அதனால ஒரு பேப்பர்ல உயிரெழுத்து ஒரு பக்கம், மத்ததெல்லாம் சுத்தி வட்டமா எழுதுங்க, வட்டத்துக்கு ஆரம்பமும் கிடையாது முடிவும் கிடையாது, அதனால சத்தம் ஒட்டாது. அடுத்து வாலைப் பிடிங்க. ஐ என் ஜி இருக்கா, ஈ ஆர் இருக்கா, ஈ எஸ் டீ இருக்கா, அதைத் தனியா ஒதுக்கிட்டா மிச்சம் நாலஞ்சு எழுத்துதான். தலைக்கு ஆர் ஈ, யூ என் மாதிரி. சி-யும் ஹெச்-சும் சேந்து இருந்தா ஜோடியாவே நகத்திப் பாருங்க. உயிரெழுத்தே இல்லைனா ஒய் எங்கன்னு தேடுங்க, ரிதம்ங்கற ஆறெழுத்து வார்த்தையைத் தாங்கிப் பிடிக்கறதே அந்த ஒய்தான்.

ஸ்கிராபிள் சீரியஸா ஆடறவங்க இன்னொண்ணு பண்ணுவாங்க, கைல வந்த எழுத்தையெல்லாம் அகர வரிசைல அடுக்கிடுவாங்க. லிசனை அடுக்கினாலும் சைலன்டை அடுக்கினாலும் ஈ, ஐ, எல், என், எஸ், டீனு ஒரே வரிசைதான் வரும், அந்த வரிசையைப் பாத்தா இன்ன வார்த்தைகள்னு மனப்பாடமா வச்சிருப்பாங்க. ஏ, ஈ, ஐ, என், ஆர், எஸ், டீ வந்தா அவங்களுக்கு திருவிழா. நாஸ்டியர், ரீடெய்ன்ஸ், ரெட்டினாஸ், ஸ்டெய்னர்னு ஏழும் காலியாகி 50 பாயின்ட் போனஸ் வந்துடும். இந்த ஆட்டத்தைக் கண்டுபிடிச்ச ஆல்ஃப்ரட் பட்ஸ் 1930கள்லயே நியூஸ்பேப்பர்ல எந்த எழுத்து எத்தனை தடவை வருதுனு எண்ணிப் பாத்துதான் கட்டைகளைப் பிரிச்சார், 100 கட்டைல ஈ மட்டும் 12, க்யூவும் இசட்டும் ஒவ்வொண்ணுதான். அந்த ஒத்தை க்யூ யூ இல்லாம கைக்கு வந்து மாட்டினா க்யூ ஐனு ரெண்டெழுத்து வார்த்தை இருக்கு, 'சீ'னு சொல்லணும், அதுவும் செல்லும்.

அர்த்தம் தெரிஞ்சிருக்கணுமான்னா தேவையே இல்ல. நியூசிலாந்துக்காரர் நைஜல் ரிச்சர்ட்ஸ் 2015ல ஃப்ரெஞ்ச் ஸ்கிராபிள் உலகப் போட்டியை ஜெயிச்சார், அவருக்கு ஃப்ரெஞ்ச் பேசவே வராது. எனக்கு இது பிரமிப்பாவும் இருக்கு, கொஞ்சம் போங்காட்டம் மாதிரியும் இருக்கு.

கம்ப்யூட்டர்ல தேடறதுன்னா வேர்ட் ஃபைன்டர் சைட்டெல்லாம் தேவையில்ல, ஃபைலுக்குள்ள எழுத்தைத் தேடித் தர்ற க்ரெப்ங்கற கமாண்ட் போதும். ஒட்டி வரணும்னா அந்த மூணெழுத்தை அப்படியே குடுங்க. இடைவெளியோட வரலாம்னா எழுத்துக்கு நடுவுல புள்ளி, நட்சத்திரம். எந்த வரிசைலயும் வரலாம்னா ஒரே வரில மண்டைய உடைச்சுக்காம எழுத்துக்கு ஒரு க்ரெப்பா பைப் போட்டு (அதாவது ஒண்ணோட விடையை அடுத்ததுக்குத் தள்ளி) வரிசையா வடிகட்டுங்க, பாக்க அசிங்கமா இருந்தாலும் தப்பே வராது. கைல இருக்கற கட்டை எண்ணிக்கைக்குள்ள அடங்கணும்னா மட்டும் க்ரெப்ல சுத்தி வளைக்கணும், ஒவ்வொரு எழுத்தும் எத்தனை இருக்குனு எண்ணிப் பாக்கற குட்டி ப்ரோக்ராம் எழுதறது சுலபம்.

ஆனா எதுல தேடறீங்கங்கறதுதான் முக்கியம். மேக்ல கூடவே வர்ற வேர்ட்ஸ்ங்கற ஃபைல் 1934 வெப்ஸ்டர் டிக்ஷனரில இருந்து எடுத்தது. யாருமே பேசாத பழைய வார்த்தையெல்லாம் வரிசை கட்டி நிக்கும், ஆனா எஸ் சேந்த பன்மை பெரும்பாலும் இருக்காது, ரெட்டினாஸ் மாதிரி வார்த்தையைத் தேடிட்டு இங்கிலீஷ்லயே இல்லைனு முடிவு பண்ணிடாதீங்க. ஒளிஞ்சிருக்கற அஞ்செழுத்து வார்த்தையைக் கண்டுபிடிக்கற வேர்டில் ஆட்டத்துல விடையா வர்றதுக்கு ஆரம்பத்துல இருந்ததே சுமார் 2300 வார்த்தைதான், எல்லாம் தெரிஞ்ச வார்த்தைங்க, அதுக்குப் போய் பெரிய லிஸ்ட்ல தேடினா குப்பைதான் அதிகம் வரும். ஸ்கிராபிள்னா எந்த வார்த்தை செல்லும்னு பாக்கறதுக்கு காலின்ஸ் லிஸ்ட்டா வட அமெரிக்க லிஸ்ட்டானு கட்டையை எடுக்கறதுக்கு முன்னாடியே பேசி வச்சுக்கங்க, ஒண்ணுல செல்லுற சில வார்த்தை இன்னொண்ணுல செல்லாது.