குடியை விட்ட மூன்றாம் நாள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களில், குடி ஈரலைத் தின்னும் என்பது தெரியாதவர் யாருமில்லை. வயிறு ஊதி, கண் மஞ்சளாகி, இரத்த வாந்தி எடுத்துப் போனவர்களை எல்லா லயத்திலும் (தொழிலாளர் வீட்டு வரிசையிலும்) பார்த்திருக்கிறார்கள். ஆனால் தோட்டத்துக் கிளினிக்கில் வேலை செய்யும் எங்களை அதைவிடப் பதற வைப்பது வேறொன்று. வருஷக்கணக்கில் தினமும் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்திவிட்டால், அதற்கு அடுத்த மூன்று, நான்கு நாள்கள்தான் அது.

தைப்பூச விரதம் தொடங்கும் சமயத்தில் இது அதிகம். "இன்னியோட தொடமாட்டேன்" என்று முருகன் முன்னால் சத்தியம் செய்வார். வீடே மகிழும். அந்த மகிழ்ச்சியில் யாரும் அவர் கையைக் கவனிப்பதில்லை.

சாராயம் மூளைக்கு ஒரு பிரேக். தினமும் பிரேக்கை மிதித்தால், ஈடுகொடுக்க மூளை ஆக்ஸிலரேட்டரை அழுத்திக்கொண்டே இருக்கும். பிரேக்கை மட்டும் சட்டென்று எடுத்தால் வண்டி தறிகெட்டு ஓடும். கடைசி மடக்குக்குப் பிறகு 6 மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை, குமட்டல், படபடப்பு தொடங்கும். வலிப்பு வருவதானால் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். 48 முதல் 96 மணி நேரத்துக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறும்: சுவரில் எறும்பு ஊர்கிறது என்பார், இல்லாத ஆளோடு பேசுவார், உடம்பு கொதிக்கும். "பேய் பிடிச்சிருச்சு" என்று வேப்பிலையோடு பூசாரியைத் தேடுவது இந்தக் கட்டத்தில்தான். அது மருத்துவமனையில் கட்டில் தேவைப்படும் நோய். மருந்தில்லாமல் விட்டால் உயிரையே எடுக்கலாம்.

யாருக்கு வரும் என்று முன்கூட்டியே ஓரளவு சொல்லலாம். "குடிப்பீங்களா அண்ணே?" என்று கேட்டால் "எப்பவாவது" என்றுதான் பதில் வரும். "காலையில கை நடுங்குதா? ஒரு மடக்கு போட்டா நிக்குதா?" என்று கேட்க வேண்டும். நீளமான கம்பில் அரிவாள் கட்டிச் செம்பனைக் குலை வெட்டுபவருக்கு, நடுக்கம் நிற்காமல் வேலை ஓடாது. பெரட்டுக்கு (காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) போகும் முன்னே ஒரு மடக்கு ஏறிவிடும். அப்படிப்பட்டவரும், முன்பு எப்போதாவது நிறுத்தியபோது வலிப்பு வந்தவரும், தாமாக நிறுத்தவே கூடாது.

அளவையும் கணக்கிடுவோம். மில்லியைச் சதவீதத்தால் பெருக்கி, 0.8ஆல் பெருக்கி, 100ஆல் வகுத்தால் கிராம் வரும். 5 சதவீத பீர் 320 மில்லி டின்னில் 13 கிராம். 38 சதவீத சம்சு (மலிவுச் சாராயம்) 700 மில்லி போத்தலில் 210 கிராமுக்கு மேல். "அரை போத்தல்தான் தம்பி" என்பவர் எட்டு டின் பீருக்குச் சமமாகக் குடிக்கிறார். போத்தல் கணக்கில் சொன்னால் உறைக்காதது டின் கணக்கில் உறைக்கிறது.

டாக்டரைப் பார்க்கும் வரை நிறுத்தாமல், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பதே பாதுகாப்பு. அரசாங்க கிளினிக்கில் குடியுரிமை உள்ளவர்களுக்குப் பதிவுக் கட்டணம் 1 ரிங்கிட்தான். நடுக்கத்தை அடக்கும் மாத்திரையை முதல் நாள் கூடுதலாகக் கொடுத்து, நாளாக நாளாகக் குறைத்து, ஒரு வாரத்தில் நிறுத்துவார்கள். கூடவே வைட்டமின் பி1. குடிப்பவர் சரியாகச் சாப்பிடாததால் அது உடம்பில் வற்றியிருக்கும். பி1 கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மிச்சமிருப்பதும் தீர்ந்து, கண் அலைபாயும், நடை தள்ளாடும், நினைவு நிரந்தரமாகப் போகலாம். அதனால் நர்ஸிடம் "இவர் தினமும் குடிப்பவர்" என்று முதலிலேயே சொல்லுங்கள். மானம் போகும் என்று மறைப்பதால் வரும் கெடுதி பெரிது.

இன்னொரு குழப்பம் சர்க்கரை நோயாளிகளுக்கு. சாப்பிடாமல் குடித்துவிட்டு இன்சுலினோ சில வகை மாத்திரையோ எடுத்தால் இரத்தச் சர்க்கரை விழும். "மப்பு, தூங்கட்டும்" என்று விட்டுவிடுவார்கள். விரலில் குத்திப் பாருங்கள். அளவு 4 mmol/Lக்குக் கீழே இருந்து, நினைவும் இருந்தால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். பக்கவாட்டில் படுக்க வைத்து 999ஐ அழையுங்கள்.

வலிப்பு வந்தாலும் அதே எண்தான். கையில் இரும்பு கொடுக்காதீர்கள், பற்களுக்கு நடுவே கரண்டி வைக்காதீர்கள். கடைசியாக எப்போது குடித்தார் என்ற நேரத்தை மட்டும் ஒரு தாளில் எழுதி, ஆம்புலன்ஸில் வருபவர் கையில் கொடுங்கள். விரதம் இருக்க நினைப்பவர், மாலை போடும் நாளுக்கு இரண்டு வாரம் முன்பே கிளினிக்குக்கு வந்துவிட்டால், மருந்து முடிந்து தெளிந்த பிறகே விரதத்தைத் தொடங்கலாம்.