கட்டியில் எரியும் ஜீன்

இன்றைக்கு முழுக்க ஒரு ஹீட்மேப்பை, அதாவது எந்த ஜீன் எவ்வளவு வேலை செய்கிறது என்று நிறத்தில் காட்டும் படத்தை, முறைத்துக்கொண்டிருந்தேன். பெருங்குடல் கட்டியில், செல்லைப் பெருகவைக்கும் மிக் (MYC) ஜீன் சிவப்பாக எரிகிறது. பக்கத்திலிருந்து எடுத்த நல்ல திசுவில் வெளிறிக் கிடக்கிறது. சரி, புற்றுநோய்தான் முடுக்கிவிட்டது என்று எழுதிவிடலாமா? அங்கேதான் எனக்கு உதைத்தது.

குடலின் உள்பக்கத்தில் குட்டிக் குட்டிக் குழிகள் உண்டு. அவற்றின் அடியில், புதுச் செல்களை உண்டாக்கும் ஸ்டெம் செல்கள். செல்லைப் பெருகச் சொல்லும் விண்ட் (Wnt) சமிக்ஞை அங்கே பலமாக இருப்பதால் மிக், ஸ்டெம் செல்லின் அடையாளமான எல்ஜிஆர்5 (LGR5) ஜீன் எல்லாம் இயல்பாகவே வேலை செய்யும். செல் மேலே ஏற ஏற அவை அடங்கிவிடும். நாலைந்து நாளில் செல்லே உதிர்ந்துவிடும். விண்டைக் கட்டுக்குள் வைக்கும் ஏபிசி (APC) ஜீன் பழுதானால் அந்த அடக்கம் நடக்காது. மேலே வந்த பிறகும் அடிக்குழியில் இருக்கிற நினைப்பிலேயே செல் இரண்டிரண்டாகப் பிரிந்து பெருகிக்கொண்டிருக்கும்.

நல்ல திசுவை மொத்தமாக அரைத்து அளந்தால் அதில் பெரும்பாலும் முதிர்ந்த செல்கள்தான். அடிக்குழியின் குரல் அமுங்கிப்போகும். (கல்லூரியில் படிக்கும்போதே இதை யாராவது சொல்லித்தந்திருக்கலாம்!) அப்புறம், எந்த ஜீன் வேலை செய்கிறது என்று ஒவ்வொரு செல்லாகக் காட்டும் ஒற்றைச் செல் ஆர்என்ஏ தரவை எடுத்து, கட்டியை அடிக்குழிச் செல்களோடு மட்டும் ஒப்பிட்டேன். ‘புற்றுநோய் ஜீன்’ என்று நான் குறித்துவைத்திருந்த பட்டியல் நன்றாகவே சுருங்கிவிட்டது. மிச்சம் இருப்பதை நாளைக்குப் பார்க்க வேண்டும்.