மஞ்சள் தூள் பயிற்சி

ஏற்காட்டில் நர்ஸாக வேலை பார்த்தபோதுதான் அந்தத் தொலைவழிப் பயிற்சிக்குப் பெயர் கொடுத்தேன். கதிர்வீச்சு விபத்தில் சிக்கியவர்களை ஆஸ்பத்திரியில் எப்படிக் கவனிப்பது என்பது பாடம். “பாம்பு கடிச்சவங்களும் கொண்டை ஊசி வளைவுல பைக்கோட விழுந்தவங்களும்தான் இங்க வர்றாங்க. உனக்கெதுக்கு இது?” என்றார் கூட வேலை பார்த்த அக்கா. சான்றிதழ் கிடைக்கும் என்பதைத் தவிர என்னிடமும் பெரிய காரணம் இல்லை.

வகுப்பு இரவு எட்டு மணிக்கு. மலையில் மழை பிடித்தால் சிக்னல் போய்விடும். வார விடுமுறைக்குச் சேலம் இறங்கும்போது பாடங்களை போனில் இறக்கி வைத்துக்கொண்டு நைட் டூட்டியில் பார்ப்பேன்.

முதல் பாடமே என் பயத்தைப் பாதி குறைத்தது. கதிர் பட்டவர் வேறு, கதிரியக்கத் தூசி உடம்பில் ஒட்டியவர் வேறு. எக்ஸ்ரே எடுத்துக்கொண்டவர் வீட்டுக்குப் போய்க் கதிர் வீசுவதில்லை அல்லவா, அதுபோலத்தான் முதல் வகை. இரண்டாம் வகையிலும் மூச்சு, ரத்தப்போக்கு இவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மீட்டர் வைத்து அளப்பதெல்லாம் அப்புறம். மேலுடையைக் கழற்றினாலே ஒட்டியதில் பெரும்பகுதி போய்விடும். வாந்தி வந்ததா என்று மட்டும் கேட்டால் போதாது, எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று குறிக்க வேண்டும். சீக்கிரம் வந்தால் உடம்பு வாங்கிய கதிர்வீச்சின் அளவு அதிகமாக இருக்கலாம்.

தேர்வில் நல்ல மதிப்பெண்தான். ஆனால் கத்தரியைப் பிடித்துச் சட்டையை வெட்டிக் கழற்றுவதைத் திரையில் பார்த்து எப்படிக் கற்பது? அக்காவைக் கட்டிலில் படுக்க வைத்து, பழைய சட்டை ஒன்றைப் போட்டு, மேலே மஞ்சள் தூளைத் தூவினேன். கவுன், இரண்டு ஜோடி கையுறை, முகக்கவசம் எல்லாம் முறைப்படி. சட்டையை வெட்டி, வெளிப்பக்கம் உள்ளே போகும்படி சுருட்டி எடுத்துப் பையில் கட்டினேன். பெருமையாக நிமிர்ந்தால், என் முழங்கையில் மஞ்சள், கதவுக் கைப்பிடியில் மஞ்சள், போனில் மஞ்சள். நடுவில் யாரோ கூப்பிட, கையுறையோடு போனை எடுத்திருக்கிறேன். அக்கா சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. நான்காம் தடவைதான் ஓரளவு சரியாக வந்தது.

பாடத்தில் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது பிரேசிலின் கோயானியா. 1987இல், கைவிடப்பட்ட கதிர்வீச்சுச் சிகிச்சை மையத்தில் கிடந்த, சீசியம் என்ற கதிரியக்கப் பொருள் அடங்கிய கருவி பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டது. அதற்குள் இருந்த, இருட்டில் நீலமாக மினுங்கிய தூளை ஆசையாகக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். நால்வர் இறந்தார்கள், ஒரு லட்சத்துக்கும் அதிகமானோரைப் பரிசோதிக்க வேண்டியிருந்தது. ஆரம்பத்தில் டாக்டர்களுக்குப் பிடிபடவில்லை. சந்தேகப்பட்டது கடைக்காரரின் மனைவி. அந்தப் பொருளைப் பையில் போட்டு, பஸ்ஸில் ஏற்றிச் சுகாதார அலுவலகத்துக்குக் கொண்டுபோனார். பிறகு அவரும் பிழைக்கவில்லை. நம் நாட்டிலும் 2010இல் டெல்லி மாயாபுரியில், பல்கலைக்கழகம் ஏலம் விட்ட பழைய கருவியிலிருந்த கதிரியக்கக் கோபால்ட்டால் இரும்புக்கடைத் தொழிலாளி ஒருவர் இறந்தார்.

அப்புறம் மாற்றலாகிச் சேலத்துக்கே வந்துவிட்டேன். ஒரு நாள் கட்டு போடும் அறைக்கு உள்ளங்கை கொப்பளித்த ஒருவர் வந்தார். பழைய இரும்புக் கடையில் வேலையாம். “தீ பட்டுச்சாண்ணா?” என்றால் இல்லை என்கிறார். எனக்குப் பக்கென்றது. என்ன பிரித்தீர்கள், எப்போது, வாந்தி உண்டா, கூட இருந்தவர்களுக்கு ஏதாவது ஆனதா என்று அடுக்கிவிட்டேன். டாக்டரும் வந்து விசாரித்தார். கடைசியில் பேட்டரி ஆசிட்.

விடவும் மனமில்லை. கட்டு போட்டு முடித்ததும் போனில் அந்தக் கதிர்வீச்சுக் குறியைக் காட்டி, “இது போட்ட எதையும் தொடாதீங்கண்ணா, உடைக்காதீங்க, தள்ளி நின்னு போலீஸுக்குச் சொல்லுங்க” என்றேன்.

அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். “மூணு இறக்கை ஃபேன் மாதிரி இருக்கு சிஸ்டர். ஃபேன்னா உள்ள செம்புக் கம்பி இருக்கும்னு அதைத்தானே நாங்க முதல்ல பிரிப்போம்.”