மணிக்கு 38 முறை

குறட்டை விடுகிறேன் என்பதைப் பல வருடம் நான் ஒத்துக்கொள்ளவே இல்லை. ஒருநாள் என் மனைவி போனில் பதிவு செய்து போட்டுக் காட்டினாள். சத்தத்தைக் கேட்டுச் சிரித்துவிட்டேன். நடுவில் வந்த அமைதிதான் கலக்கியது. குறட்டை சட்டென்று நிற்கிறது. எண்ணிப் பார்த்தால் இருபது விநாடி தாண்டுகிறது. அப்புறம் தண்ணீருக்குள்ளிருந்து மேலே வந்தவன்போல ஓர் இழுப்பு. "இதுக்குத்தான் ராத்திரியெல்லாம் முழிச்சுக் கெடக்கேன், நீங்க நம்பினாத்தானே" என்றாள்.

மூன்று மாத்திரை போட்டும் ரத்த அழுத்தம் இறங்காததால் ஏற்கெனவே டாக்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதிவைக் கேட்டதும், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் ‘ஸ்லீப் அப்னியா’வாக இருக்கலாம் என்று சொல்லி அவர் ஒரு தாளை நீட்டினார். பகல் தூக்கத்தை அளக்கும் எப்வொர்த் அளவுகோல். மரே ஜான்ஸ் என்பவர் 1991-இல் வெளியிட்டது. படிக்கும்போது, டிவி பார்க்கும்போது, வண்டி சிக்னலில் நிற்கும்போது என்று எட்டுச் சூழல்கள். ஒவ்வொன்றிலும் கண் அயரும் வாய்ப்புக்கு 0 முதல் 3 வரை மதிப்பெண். 10-ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும். எனக்கு 15. நான் அதை வேலைக் களைப்பு என்றே நினைத்திருந்தேன்.

அடுத்தது தூக்கப் பரிசோதனை. தலையில் பசை அப்பி ஒயர்கள், கண்ணோரத்தில் இரண்டு, தாடையில், கால்களில், மார்பிலும் வயிற்றிலும் பட்டை, மூக்கில் குழாய், விரலில் சிவப்பு விளக்கு. இப்படிக் கட்டிப்போட்டுவிட்டு "வழக்கம்போல தூங்குங்க" என்றார் டெக்னீஷியன்! தாடைக்கு எதற்கு ஒயர் என்று கேட்டேன். கனவுத் தூக்கத்தில் உடம்பின் தசைகள் தளர்ந்துவிடுமாம். தாடையில் அது தெரியும். தொண்டைத் தசையும் அப்போது தளர்வதால், மூச்சுப் பாதை அடைபடுவது பலருக்கு அந்த நேரத்தில்தான் அதிகம். விடிய விடிய விழித்திருந்ததாகவே நினைத்தேன். ஐந்தரை மணி நேரம் தூங்கியிருக்கிறேன் என்றார்கள்.

முடிவு: மணிக்கு 38 முறை மூச்சு நின்றோ குறைந்தோ போயிருக்கிறது. குறைந்தது 10 விநாடி நீடித்தால்தான் கணக்கில் சேரும். 30-க்கு மேல் போனால் தீவிரம். ஒவ்வொரு முறையும் ஆக்சிஜன் இறங்க, மூளை நம்மை அரைகுறையாக எழுப்ப, ரத்த அழுத்தம் எகிறுகிறது. காலையில் நமக்கு எதுவும் நினைவிருக்காது.

சிகிச்சை சிபாப் கருவி. காற்றழுத்தத்தால் தொண்டையைத் திறந்து வைத்திருக்கும். ஆஸ்திரேலியாவின் காலின் சல்லிவன் குழு 1981-இல் அறிமுகப்படுத்தியது. முதல் வாரம் நரகம். தூக்கத்திலேயே மாஸ்கைக் கழற்றி எறிந்திருக்கிறேன். காற்று கசிந்து கண்ணில் அடித்தது, வாய் வறண்டது. சிறிய மூக்கு மாஸ்க்குக்கு மாறி, ஈரப்பதத்தைக் கூட்டி, பகலில் டிவி பார்க்கும்போதும் மாட்டிப் பழகிய பிறகுதான் வழிக்கு வந்தது.

"இனி மாரடைப்பு வராதா டாக்டர்?" என்று கேட்டேன். அவர் பூசி மெழுகவில்லை. இதயத்திலோ மூளை ரத்தக் குழாய்களிலோ ஏற்கெனவே நோய் இருந்த 2,700-க்கும் மேற்பட்டவர்களை வைத்துச் செய்த ஆய்வு 2016-இல் வெளியானது. சிபாப் போட்டவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை. பகல் தூக்கமும் மனச்சோர்வும் குறைந்தன. ஆனால் அவர்கள் ஓர் இரவுக்குச் சராசரியாக 3.3 மணி நேரம்தான் போட்டிருந்தார்கள். "அதனால நேரத்தைக் கூட்டுங்க, மாத்திரையை நிறுத்தாதீங்க" என்றார்.

போன மாதச் சராசரி 5 மணி 10 நிமிடம். மாத்திரை மூன்று இரண்டாகியிருக்கிறது. கன்னத்தில் பட்டையின் தடம் மட்டும் காலை பத்து மணி வரை போவதில்லை.