சண்டை போட்டு எவ்வளவு நாளாச்சு?

என் மனைவிக்கு வந்தது முதுகெலும்புக் காசநோய். இருமல் இல்லை, சளி இல்லை. ஐந்து மாதம் வெறும் முதுகுவலிதான். மடியில் சொளவை வைத்துக்கொண்டு நாள் முழுக்கக் குனிந்து பீடி சுற்றுகிறவளுக்கு முதுகு வலிக்காமல் இருந்தால்தானே ஆச்சரியம்? அவளும் அப்படித்தான் நினைத்தாள், நானும் அப்படித்தான் நினைத்தேன். உள்ளூரில் காட்டிய டாக்டரும் ஊசி போட்டு, தைலம் எழுதிக் கொடுத்து அனுப்பினார். சாயங்காலமானால் மேல் காய்ந்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

2023 ஆடி மாதம் ஒருநாள் கடைக்குப் போய்விட்டு ஒற்றைச் செருப்போடு வந்து நின்றாள். இன்னொன்று எங்கே கழன்றது என்று அவளுக்குத் தெரியவில்லை. கால் மரத்துப் போயிருந்தது. அடுத்த பத்து நாளில் இடுப்புக்குக் கீழே எதுவும் அசையவில்லை.

ஸ்கேனில் பார்த்தால் எலும்பு அரித்துப்போய், சீழ் கட்டித் தண்டுவடத்தை அழுத்திக்கொண்டிருந்தது. ஆபரேஷன் செய்து சீழை எடுத்து, கம்பியும் ஸ்க்ரூவும் வைத்தார்கள். காப்பீட்டு அட்டை இருந்ததால் தப்பித்தோம். காசநோய் மாத்திரை குறைந்தது 12 மாதம் சாப்பிட வேண்டும் என்றார்கள். அந்த மாத்திரையால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும் என்று முன்கூட்டி யாரும் சொல்லாததால், முதல்நாள் யூரின் பையைப் பார்த்து ரத்தம் என்று நான் வார்டையே கூட்டிவிட்டேன். "நரம்பு அறுந்து போகலை, அழுந்தித்தான் இருக்கு. வரும்" என்றார் ஆபரேஷன் செய்த டாக்டர். எப்போது வரும் என்று சொல்லவில்லை. சொல்லவும் முடியாது என்பது இப்போது புரிகிறது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் நிஜமான கஷ்டம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். ஒருநாள் ராத்திரி அசந்து தூங்கிவிட்டேன், இடுப்புக்குக் கீழே ரூபாய் நாணயம் அளவுக்குப் புண் வந்துவிட்டது. எலுமிச்சை கமிஷன் கடையில் கணக்கு எழுதுகிற நான் அரைநாள் மட்டும் வேலைக்குப் போனேன். சமைத்தேன், குளிப்பாட்டினேன், தலை பின்னிவிட்டேன் (அந்தச் சடை யாரும் பார்க்கிற மாதிரி இருக்காது). பக்கத்து வீட்டில் என் டம்ளரைத் தனியாக எடுத்து வைத்தார்கள். முதுகெலும்பில் இருக்கிற காசநோய், நுரையீரலில் இல்லாதவரை, அப்படிப் பரவாது. யாரிடம் சொல்லி யார் கேட்பது?

அவள் எதற்கும் மறுப்பே சொல்லவில்லை. இட்லியா, கஞ்சியா என்றால், "எதுனாலும் சரிங்க." எங்களுக்குள் இவ்வளவு ஒற்றுமையா என்று எனக்கு உள்ளூர ஒரு பெருமைகூட இருந்தது.

மாத்திரை விஷயமாக வந்துபோகும் சுகாதாரப் பணியாளர்தான் மாற்றுத்திறனாளிகளின் மறுவாழ்வுக்காக நடக்கிற ஆய்க்குடி அமர் சேவா சங்கத்தைப் பற்றிச் சொன்னார். எங்கள் தென்காசி மாவட்டம்தான், ஆனாலும் நான் அந்தப் பக்கம் போனதில்லை. அதைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன் 1975-இல், கல்லூரியில் படிக்கும்போது, கடற்படை அதிகாரித் தேர்வின்போது கீழே விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். 1981-இல் தன் சொந்த ஊரிலேயே இந்தச் சங்கத்தை ஆரம்பித்தார். 2020-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அவரோடு சேர்ந்து நடத்தியவர் தசைநலிவு நோயுள்ள ஆடிட்டர் சங்கரராமன். இதையெல்லாம் அங்கே போன பிறகுதான் தெரிந்துகொண்டேன். போன அன்று மனதில் தங்கியது வேறு. எங்கே திரும்பினாலும் சாய்தளம், சக்கர நாற்காலியில் வேலை பார்த்துக்கொண்டு போகிற ஆட்கள். அதுவரை தரையையே பார்த்துக்கொண்டு வந்தவள் அங்கே தலையை நிமிர்த்திச் சுற்றிப் பார்த்தாள்.

முதல் பாடம் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது. வழுவழுப்பான ஒரு பலகையைக் கட்டிலுக்கும் நாற்காலிக்கும் பாலமாகப் போட்டு, கையை ஊன்றி நகர வேண்டும். அவள் பாதியில் திணற, நான் பாய்ந்துபோய் அக்குளில் கை கொடுத்தேன். பிசியோதெரபி பார்க்கிற பெண், என் மகள் வயதுதான் இருக்கும், "அண்ணாச்சி, நீங்க போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க" என்றது. எனக்குச் சுருக்கென்று இருந்தது. டீ குடிக்கப் போகாமல் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பதினைந்து நிமிஷம் ஆயிற்று. நான் தூக்கினால் பத்து விநாடி. ஆனால் அவளே போய்ச் சேர்ந்தாள்.

அப்புறம் யூரின் டியூபை நிரந்தரமாக வைப்பதை நிறுத்தி, நாலைந்து மணி நேரத்துக்கு ஒருதரம் அவளே போட்டு எடுக்கக் கற்றுக்கொடுத்தார்கள். சின்னக் கண்ணாடி, சோப்பு, எவ்வளவு தண்ணீர் குடித்தாள், எவ்வளவு வந்தது என்று எழுத ஒரு நோட்டு. என்னை அறைக்குள் விடவில்லை. இரண்டு மாதமாக நான் பார்த்த வேலை அது. வெளியே நின்றபோதுதான் அவளுக்கு அது எவ்வளவு கூச்சமாக இருந்திருக்கும் என்று உறைத்தது.

ஆலோசனைக்கு எங்களைத் தனித்தனியாக உட்கார வைத்துப் பேசினார்கள். ஆலோசனை சொன்ன அம்மாவும் சக்கர நாற்காலியில்தான் இருந்தார். தூக்கம், பணம், கட்டில் விஷயம் என்று எல்லாவற்றையும் சாதாரணமாகக் கேட்டார். எனக்குத்தான் காது சிவந்தது. கடைசியில், "நீங்க ரெண்டு பேரும் சண்டை போட்டு எவ்வளவு நாளாச்சு?" என்றார்.

"அதெல்லாம் இல்லைங்க, ஆஸ்பத்திரிக்குப் போனதிலேருந்து ஒரு வார்த்தை கிடையாது."

"உங்க மேல கோபப்பட்டா நாளைக்கு யார் புரட்டிப் போடுவாங்கன்னு பயம். அதான் வாயைத் திறக்கலை. அவங்களே சொன்னது. உங்ககிட்டயும் சொல்லச் சொன்னாங்க."

அன்றைக்கு ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இரட்டைக் கம்பிகளுக்கு நடுவே நின்றது, காலைத் தாங்கிப் பிடிக்கிற காலிப்பர் மாட்டி நடந்தது, பிறகு வாக்கர் என்று மாதக்கணக்கில் போனது. வலது கால் சீக்கிரம் வந்தது, இடது பாதம் இன்னும் இழுக்கிறது. காசு விஷயத்தில் எங்களை யாரும் நெருக்கவில்லை. மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வழி சொல்லி அனுப்பினார்கள். உங்கள் வீட்டில் இப்படி யாராவது இருந்தால் அதை ஆறப் போடாதீர்கள். உதவித்தொகை, உபகரணம் எல்லாவற்றுக்கும் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள்.

மாசியில் வீட்டுக்குத் திரும்பினோம். மறுநாள் காலை வாக்கரோடு அடுப்படிக்குள் போனவள் அங்கேயே நின்றுவிட்டாள். டப்பாவெல்லாம் என் உயரத்துக்கு மேல்தட்டில்.

"இது யார் வீட்டு அடுப்படி? என் சீனி டப்பா எங்க இருக்குன்னு உங்ககிட்ட கேட்டு வாங்கணுமா?"

"ஆறு மாசமா பொங்கிப் போட்டவனுக்கு இதுவும் வேணும்."

"உப்பு இல்லாத சாம்பாரு. வாயை மூடிக்கிட்டுத்தானே தின்னேன்?"

பதிலுக்கு நானும் கத்தினேன். சாப்பிடாமல் கடைக்குப் போனேன். மதியம் வந்தால், பக்கத்து வீட்டுப் பையனை விட்டு எல்லாவற்றையும் இறக்கி, நின்றபடி அவளே கீழ்த்தட்டில் அடுக்கி முடித்திருந்தாள். சாயங்காலம் வரை பேச்சுவார்த்தை இல்லை.

கடுகு எந்த டப்பாவில் இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.