சீட் கிடைத்த பிறகுதான் வேலை ஆரம்பம்

நான் கோவில்பட்டிப் பக்கம் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் வேதியியல் ஆசிரியை. எங்கள் பிள்ளைகள் பலரின் அம்மாக்கள் தீப்பெட்டி ஆபீஸுக்கு, அதாவது தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு, வேலைக்குப் போகிறவர்கள். 2024-இல் பிளஸ் டூ முடித்த ஒரு மாணவி பொறியியல் கல்லூரியில் சேர்ந்து முதல் வருடத்தைத் தாண்டும்வரை கூடவே நின்றேன். அப்படி ஒரு பிள்ளைக்குத் துணை நிற்கிறவர்களுக்கு உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பொறியியல் சேர்க்கையில் உள்ள 7.5 சதவீத ஒதுக்கீடு ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டுவரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான். உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கிடையாது. வீட்டு நிலைமை இரண்டு பக்கமும் ஒன்றுதான் என்பதால் எனக்கு இதில் இன்றும் வருத்தம் உண்டு. ஆகவே எங்களுக்கு இருந்த பெரிய பிடி, வீட்டில் இதுவரை யாரும் பட்டம் பெறவில்லை என்று காட்டும் முதல் பட்டதாரி சான்றிதழ். கவுன்சலிங் வழியாகச் சேர்ந்தால் சாதி, வருமானம் பார்க்காமல் கல்விக் கட்டணத்தில் சலுகை உண்டு.

இ-சேவை மையத்தில் விண்ணப்பிப்பது எளிது. அதற்குப் பிறகுதான் இழுபறி. அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்கள் எல்லாரும் எதுவரை படித்தார்கள் என்று காட்ட வேண்டும். அம்மா ஐந்தாவதோடு நின்றவர். அந்தப் பள்ளியில் போய்ப் பதிவேட்டைப் புரட்டித்தான் சான்று வாங்கினோம். அண்ணன் விஷயம்தான் சிக்கியது. கலைக் கல்லூரியில் ஒரு வருடம் போய்விட்டு நின்றவன். "காலேஜ்ல சேர்ந்திருக்கானே, அப்புறம் இது எப்படி முதல் பட்டதாரி?" என்று விண்ணப்பத்தை நிறுத்திவைத்தார்கள். சேர்ந்தால் பட்டதாரி ஆகிவிட முடியாது. இடையில் நின்றுவிட்டான், பட்டம் பெறவில்லை என்று அந்தக் கல்லூரியிலிருந்தே கடிதம் வாங்கிக் கொடுத்த பிறகு சான்றிதழ் வந்தது. வீட்டில் இப்படி யாராவது இருந்தால், அந்தக் கடிதத்தை ரிசல்ட்டுக்கு முன்பே வாங்கி வைத்துவிடுங்கள்.

கவுன்சலிங்கில் கல்லூரிகளை வரிசைப்படுத்தும் வேலையைப் பிரவுசிங் சென்டர்காரரிடம் விட்டுவிடாதீர்கள். அவருக்குத் தெரிந்த நாலு கல்லூரியை மேலே போட்டுவிடுவார். நாங்கள் ஒரு நோட்டில் கல்லூரிக் குறியீட்டு எண், பாடம், வீட்டிலிருந்து பஸ் இருக்கிறதா என்று எழுதி, அவளையே வரிசை போடச் சொன்னோம். பஸ் பற்றி முதலில் கேட்டது அவளுடைய அம்மாதான். "ஹாஸ்டல்னா கட்ட முடியாது டீச்சர், பிள்ளை ராத்திரிக்குள்ள வீடு வந்து சேரணும்" என்றார். பட்டியலில் பாதி அந்த ஒரு பேச்சிலேயே அடிபட்டது. அது நியாயமான கணக்கு. கட்ட முடியாத ஹாஸ்டலில் சேர்ந்து நடுவில் நிற்பதைவிட இது எவ்வளவோ மேல்.

சேர்க்கை நாளன்று கல்லூரியில் முழுக் கட்டணத்தையும் கேட்டார்கள். அரசுப் பணம் வந்ததும் திருப்பித் தருவார்களாம். ஒதுக்கீட்டு ஆணையில் முதல் பட்டதாரி என்று தெளிவாக இருந்தது. அதைக் காட்டி, அப்படியானால் எழுதித் தாருங்கள் என்று கேட்டதும் சலுகையைக் கழித்துக்கொண்டார்கள். ஆனால் சலுகை கல்விக் கட்டணத்துக்கு மட்டும்தான். பஸ் கட்டணம், தேர்வுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம் எல்லாம் தனி. அதற்கு வித்யாலட்சுமி தளம் வழியாகக் கல்விக் கடன் கேட்டோம். 4 லட்சம்வரை சொத்து அடமானம் கேட்கக் கூடாது. வங்கிக் கிளையில் கேட்கத்தான் செய்தார்கள். விதியைச் சொன்னதும் விட்டார்கள். கல்லூரி மாணவிகளுக்கு மாதாமாதம் பணம் தரும் புதுமைப் பெண் திட்டத்தை அந்த டிசம்பரில் உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் விரிவுபடுத்தினார்கள். அவளும் தமிழ்வழி என்பதால் மாதம் 1000 ரூபாய் அவள் கணக்கிலேயே விழுகிறது.

இதெல்லாம் முடிந்து நிம்மதியாக இருந்தபோது முதல் செமஸ்டர் ரிசல்ட் வந்தது. கணிதத்தில் அரியர். தமிழர் மரபு தாளில் நல்ல மதிப்பெண், வேதியியலில் தேறிவிட்டாள், கணிதம் போய்விட்டது. பள்ளியில் கணக்கில் கெட்டி அவள். நாலு நாள் கல்லூரிக்கே போகவில்லை என்று அம்மா போன் செய்தார். "தீப்பெட்டி ஆபீஸுக்கே வேலைக்கு வாரேன்னு சொல்றா டீச்சர், என்ன சொல்ல?"

நான் அறிவுரை ஒன்றும் சொல்லவில்லை. பிளஸ் டூ கணிதப் புத்தகத்தின் தமிழ்வழி, ஆங்கிலவழி இரண்டையும் எடுத்து வரச் சொன்னேன். இரண்டிலும் ஒரே கணக்கு, ஒரே வரிசை. அருகருகே வைத்து அணிகள் பாடத்திலிருந்து ஆரம்பித்தோம். இரண்டு மூன்று பக்கத்திலேயே, "இதுவா டீச்சர் அது?" என்றாள். அவளுக்குக் கணக்கு தெரியாமல் இல்லை, ஆங்கில வினாத்தாள்தான் பிடிபடவில்லை. எங்கள் பள்ளியில் முன்பு படித்து அதே கல்லூரியில் மூன்றாம் வருடம் இருந்த ஒரு பெண்ணிடம் பேச வைத்தேன். தானும் அரியர் எழுதித் தேறியவள் என்று அந்தப் பெண் சொன்னது, நான் சொல்லியிருக்கக்கூடிய எதையும்விட நன்றாக வேலை செய்தது. அடுத்த தேர்விலேயே அரியரை முடித்துவிட்டாள்.

அடுத்து அவள் தம்பி. முதல் பட்டதாரி சலுகை ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான், ஆகவே அவனுக்குக் கிடையாது. தமிழ்வழியில் படிப்பதால், புதுமைப் பெண் போலவே மாணவர்களுக்கு உள்ள தமிழ்ப் புதல்வன் திட்டத்தின் பணம் வரும். பிற்படுத்தப்பட்டோர் உதவித்தொகைக்கு வருமானச் சான்றிதழ் வேண்டும்; அதை ரிசல்ட் வந்து கூட்டம் சேர்வதற்குள் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். விண்ணப்பத்தை அவன் அக்காவே பார்த்துக்கொள்கிறேன் என்றிருக்கிறாள்.